முப்பத்திரண்டு ளை

1929 பிப்ரவரி 3, ஞாயிறு

இந்த டைரியைக் கொடுத்தவர் காண்ட்ராக்டர் திருவேங்கட முதலியார். "யோவ், இந்த ஊருக்கு மொத வாரப் பத்திரிகை நம்மளுது. நடக்கிறதைத் தேதி போட்டு எழுதி வை. பின்னாடி எவனாவது சரித்திரம் எழுதுவான், உதவும்" என்றார். ஆகவே சரித்திரம் ஆரம்பம்.

எல்லைப்பேட்டைக்கு வயது மூன்று. சமஸ்தானத்து எல்லைக்கல் ஒரு பக்கம், காடு மூன்று பக்கம். காட்டு மரத்தை இறக்கக் கம்பெனி ரயில் போட்டது. ரயிலுக்காக ஸ்டேஷன், ஸ்டேஷனுக்காகக் கடைத்தெரு, கடைத்தெருவுக்காக நாங்கள். கைக்குழந்தைகள் தவிர இந்த ஊரில் பிறந்தவர் என்று ஒருவரும் கிடையாது.

நேற்று ‘எல்லைத்தூதன்’ முதல் இதழ் வெளியாயிற்று. நாலு பக்கம், இருநூறு பிரதி. ஆசிரியர், நிருபர், அச்சுக் கோப்பவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் அடியேன், மா. மந்திரமூர்த்தி பிள்ளை. படிப்பு நாலாம் பாரம், அதுவும் பெயில். மெஷின் மிதிக்கச் சலேத்து என்கிற கடற்கரைக்காரன் இருக்கிறான்.

மை தடவும் உருளையை வெல்லமும் வஜ்ரப் பசையும் காய்ச்சி வார்த்திருந்தோம். வெள்ளிக்கிழமை எலி வந்து ஒரு பக்கம் தின்றுவிட்டது. தின்ற இடம் மட்டும் மை ஏறவில்லை. முதலாளி பெயர் நூற்றுப்பத்துப் பிரதிகளில் ‘திருவேங்கட முத’ என்று நிற்கிறது. எழுத்துப் பெட்டியைத் திறந்தால் ‘அ’ இருக்க வேண்டிய குழியில் எலிப் புழுக்கை. இந்த ஊரின் எழுத்தறிவு அதிலிருந்துதான் தொடங்குகிறது. சீ.

கடைசிப் பக்கத்து அடியில் ‘அச்சிட்டுப் பிரசுரிப்பவர்’ என்று என் பெயரைச் சட்டப்படி போட வேண்டும். பிள்ளையோடு போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் மகள் கோமதிதான் வீட்டில் உட்கார்ந்து புரூஃப் திருத்துகிறவள். எதைப் படித்தாலும் ஒரு குற்றம் சொல்லாமல் விடமாட்டாள். அந்த வரியைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, புதன்

ஆபீசில் கூட்டம். செய்தி கொண்டுவந்தவர் ஒருவரும் இல்லை. பெயர் கொண்டுவந்திருக்கிறார்கள்.

போன வாரம் வரை கம்பவுண்டர் குப்புசாமியாக இருந்தவர் குப்புசாமி முதலியார் ஆகிவிட்டாராம், அப்படியே போட வேண்டுமாம். காப்பிக் கடை ராமையா, ராமையா நாயுடு. லாடம் அடிக்கிறவருக்குப் பிள்ளை பிடித்திருக்கிறது. ஊர் புதுசு, யாரையும் யாருக்கும் தெரியாது, கேட்பார் இல்லை. இப்போது அச்சில் வந்துவிட்டால் பேரன் காலம்வரை அதுவே சாட்சி.

சலேத்து சொன்னான்: "அண்ணாச்சி, நம்ம ரயிலு ஒரு மலைக் குகைக்குள்ள வருதில்லா? உள்ள இருட்டா இருக்கப்பதான் எல்லாவனும் சாதிய மாத்திக்கிடுதான். வேட்டி மாத்துத மாதிரி."

"நீ மாத்தலியால?"

"எனக்குச் சிலுவை கழுத்துல கெடக்கே, எங்கன மாத்த? நீங்க?"

"நான் குகையில் தூங்கிவிட்டேன்" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன்.

இப்படி ஒரு பொய்க்கார ஊரை நான் கண்டதில்லை.

பிப்ரவரி 9, சனி

இரண்டாம் இதழில் ஆபத்து. கூட்ஸ் ஷெட்டில் பஜனைச் சங்கம் திறந்தார்கள். வந்திருந்தோர் பட்டியலில் நாற்பத்தோரு பிள்ளைகள்.

இங்கே தொழில் விவரம் ஒன்று. மற்ற எழுத்துகளுக்கு ஐகாரம் போட, இரட்டைச் சுழியைத் தனி அச்சாக முன்னால் வைத்துக்கொள்ளலாம். லை, ளை, னை, ணை நாலுக்கும் அப்படி இல்லை. எழுத்தின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று ஒட்டி, ஒரே துண்டாக வார்த்து வரும். மதுரையில் மூடிப்போன ஒரு அச்சகத்திலிருந்து முதலியார் வாங்கி வந்த எழுத்தில் ளை எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு. வாய்க்குப் பல் மாதிரி.

ஆக, வாரத்துக்கு முப்பத்திரண்டு பிள்ளைக்குத்தான் எல்லைப்பேட்டையில் இடம். அதில் ஒன்றைச் சாமிக்கு முடிந்து வைப்பதுபோல் முதலிலேயே எடுத்து என் பெயருக்கு வைத்துவிட்டேன். பாக்கி முப்பத்தொன்று. எஞ்சிய பத்துப் பேருக்கு என்ன செய்ய? ‘ள’வுக்கு முன்னால் சாதாரண இரட்டைச் சுழியை வைத்து ஒப்பேற்றினேன். படிக்கத் தெரிந்தவன் எப்படியும் படித்துக்கொள்வான்.

பிப்ரவரி 11, திங்கள்

படித்துக்கொள்ளவில்லை.

பஜனைச் சங்கத்தார் ஏழு பேர் காலையிலேயே வந்து நின்றார்கள். தலைமை, லாடக்காரர்.

"என்ன பிள்ளைவாள், மத்தவங்களுக்கெல்லாம் தும்பிக்கை வச்ச பிள்ளை. எங்களுக்கு மட்டும் மொட்டைப் பிள்ளையா?"

"எழுத்துப் போதவில்லை ஐயா. இரண்டும் ஒன்றுதான்."

"எப்படி ஒண்ணாகும்? கடைத்தெருவுல என்ன பேசுதான் தெரியுமா? தும்பிக்கை உள்ளவன் அசல் பிள்ளை, இல்லாதவன் போலிப் பிள்ளையாம். பத்திரிகைக்காரனுக்கு உள்ளூர விஷயம் தெரியும், பார்த்துத்தான் போட்டிருக்கான்னு சொல்லுதான். எம் பொஞ்சாதி ரெண்டு நாளா முகம் குடுத்துப் பேசல."

எழுத்துப் பஞ்சத்தில் நான் செய்த ஒட்டு வேலை, ஊரில் குலம் பிரித்துவிட்டது. அடுத்த வாரம் அசல் தும்பிக்கை போடுவதாக வாக்குக் கொடுத்தேன். போகும்போது லாடக்காரர் மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு எப்பவும் அசல்தானே?"

என் காதில் விழவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

கூட்ஸ் கிளார்க் சங்கரநாராயண பிள்ளை வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு இதழ்கள், மடிப்புக் கலையாமல். தன் மகனுக்குக் கோமதியைக் கேட்டார். பையன் ரயில்வேயில் தந்தி கற்றுக்கொண்டிருக்கிறான், நல்ல பையன் என்கிறார்கள்.

"நம்மவங்க இந்தக் காட்டுல கிடைக்கிறது அபூர்வம், பிள்ளைவாள். எவன் எவனோ பேரு வச்சுக்கிடுதான். உங்களது அச்சுல பார்த்தேன், மனசுக்கு ஒரு திருப்தி."

"அதை நான்தானே அச்சடிக்கிறேன்" என்று நாக்கு நுனி வரை வந்தது. வேடிக்கையாகச் சொல்வதுபோல் சொல்லியிருக்கலாம். காப்பியோடு விழுங்கிவிட்டேன்.

செண்பகம், அதாவது என் மனைவி, அவர் போன பிறகு தம்ளரை ரொம்ப நேரம் கழுவினாள்.

பிப்ரவரி 19, செவ்வாய்

கடைத்தெருவில் ஒரு நாவிதன் வந்து உட்கார்ந்திருக்கிறான். தகரப் பெட்டி, தீட்டுக்கல், ஒரு கிண்ணம். கிழக்கிலிருந்து வந்தவனாம். முகமே எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20, புதன்

இந்த வாரம் சவரம் வேண்டாம் என்று இருக்கிறேன். தாடி வைத்தால் ஆசிரியருக்கு ஒரு களை.

பிப்ரவரி 24, ஞாயிறு

களை போயிற்று. முதலியார் அந்த நாவிதனை ஆபீசுக்கே வரவழைத்துத் தான் செய்துகொண்ட பிறகு, "யோவ் பிள்ளை, கரடி மாதிரி இருக்கே. நீயும் குந்து" என்றார். தப்ப வழியில்லை. குந்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த ரயில் காலண்டரைப் பார்த்தேன்.

"சாமி, தலையக் குனிங்க" என்றான்.

குனிந்தேன். கை சுத்தம். சோப்பு நுரை அளவு. என் இடது தாடைக்கடியில் ஒரு பழைய தழும்பு உண்டு, தாடி மறைத்திருக்கும். கத்தி அந்த இடத்துக்கு வருமுன்பே தானாக மெதுவானது. தொழில் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்த ஊருடா உனக்கு?" என்று முதலியார் கேட்டார்.

"வாகைக்குளம் பக்கம், எசமான்."

"பிள்ளை, உனக்கும் அந்தப் பக்கம்தானே?"

"அது பெரிய பக்கம்" என்றேன்.

முதலியார் சிரித்தார். நாவிதன் கத்தியைத் துடைத்தான். அந்தத் துணியை நான் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு நூலில் அடித்த தையல். அப்படி ஓரம் அடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு.

வீட்டுக்கு வந்து முகத்தை மூன்று தரம் கழுவினேன். அழுக்கு ஒன்றும் இல்லை. சும்மா.

மார்ச் 3, ஞாயிறு

சின்னத் தூக்குச்சட்டி காணோம். மத்தியானம் பார்த்தால் உறியில் இருக்கிறது, தேய்த்து வைத்திருக்கிறது. மறுபடி காணோம். நான் செண்பகத்திடம் கேட்கவில்லை.

அவளாகச் சொன்னாள்: "சுண்டவத்தக் கொழம்பு மிஞ்சிட்டு. சிலருக்கு அது பிடிக்கும்."

"எனக்கும் பிடிக்கும்."

"ஒங்க வீட்டுல எல்லாருக்குமே பிடிக்கும்" என்றாள்.

ஐந்தாம் இதழ் நேற்று வந்தது. முப்பத்தோரு பிள்ளைகள், எல்லாம் தும்பிக்கையோடு. லாடக்காரர் நாலு பிரதி வாங்கினார்.

மார்ச் 8, வெள்ளி

மரம் வெட்டுகிறவர்கள் குடியிருக்கும் கூலி லைனில் வாந்திபேதி. மூன்று பேர் செத்தார்கள். முதலியார், "பேதின்னு போடாதே. ‘வயிற்றுக் கோளாறு’ன்னு போடு" என்றார். போட்டேன். நாலு பேராகிவிட்டார்கள். அதையும் வயிற்றுக் கோளாறு என்றே போட்டேன். செத்துப்போன மனிதனுக்கு வயிற்றுக் கோளாறு என்று எழுதிய கையால் பழைய சோறு பிசைந்தேன். இறங்கவில்லை.

மார்ச் 13, புதன்

நிருபர் என்ற முறையில் லைனுக்குப் போனேன். மூக்கில் கற்பூரத் துணி. ஐம்பது தகரக் கொட்டகை. முதலியார் பீப்பாயில் அனுப்புகிற தண்ணீர்தான் அவர்களுக்குக் குடிநீர். அது கீழ் ஓடையில் மொண்டது. மேலே அதே ஓடையில் லைன் ஜனம் கால் கழுவுகிறது, கம்பெனி யானைகள் குளிக்கின்றன. பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். வெளியே வந்து வாந்தி எடுத்தேன். நிருபருக்கும் நோய் வந்துவிட்டது என்று நாலு பேர் ஓடினார்கள்.

அந்த நாவிதன் அங்கே இருக்கிறான். ஐந்து நாளாகக் கடை போடவில்லையாம். கொட்டகை கொட்டகையாக அடுப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிறான். ஒரு பெண்ணின் வாயைத் துடைத்துவிட்டு அதே கையால் தரையை அள்ளினான். எனக்குத்தான் குமட்டியது, அவனுக்கு இல்லை. யாரிடம் கற்றானாம் என்று பக்கத்தில் ஒருவரைக் கேட்டேன்.

"அவுக ஆத்தா மருத்துவச்சியாம். ரெண்டு ஊருக்குப் பிரசவம் பார்த்தவகளாம்."

ஆமாம், நாவிதர் வீட்டில் வைத்தியமும் உண்டு. மூன்று ஊருக்கு. இரண்டு அல்ல.

மார்ச் 14, வியாழன்

சங்கரநாராயண பிள்ளையின் சம்சாரம் வந்து கோமதிக்குப் பூ வைத்தார்கள். பங்குனி கடைசியில் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. வீடு முழுக்க மல்லிகை வாசனை. என் மூக்கில் மட்டும் இன்னும் அந்தப் பீப்பாய்.

மார்ச் 20, புதன்

நாவிதன் பேச்சைக் கேட்டு லைன் ஜனம் பீப்பாய்த் தண்ணீரைத் தொடமாட்டேன் என்கிறார்கள். பெண்கள் அரை மைல் ஏறி மலைச்சுனையில் மொண்டு வந்து காய்ச்சுகிறார்கள். வேலைக்கு வரத் தாமதம். மரம் தேங்குகிறது. முதலியாருக்குத் தலைவலி.

சாவு இதுவரை பதினேழு. நான் வயிற்றுக் கோளாறு என்று போட்டது பதினேழு தரம்.

மார்ச் 26, செவ்வாய்

நேற்றுப் பங்குனி உத்திரம். பேதியைப் பார்க்காமல் காவடி எடுத்தார்கள். இந்த இதழின் முதல் பக்கம் முழுக்கக் காவடி எடுத்தோர் பட்டியல்தான். பிள்ளைகள் சரியாக முப்பத்தோரு பேர். தெய்வாதீனம்.

முதலியார் கடைசிப் பக்கத்துக்கு ஒரு விஷயம் சொல்லி எழுதச் சொன்னார். அப்படியே பதிவு செய்கிறேன், சரித்திரத்துக்காக: ‘எங்கிருந்தோ வந்த ஒரு நாவிதன், பல ஊர்த் தொற்றைத் தன் கத்தியில் ஏற்றி வந்து நமது சேமமான நகரில் பேதியைப் பரப்பியுள்ளான். பொதுஜனங்கள் இவனை எல்லைக்கல்லுக்கு அப்பால் அனுப்புவது கடமை.’

"அனுப்புறதுன்னா எப்படி?" என்று கேட்டேன்.

"அதை ஜனம் பார்த்துக்கும். வாட்ச்மேன் ஆளுங்க நாலு பேருக்கும் சொல்லியிருக்கேன், சனிக்கிழமை பேப்பர் வந்ததும் லைனுக்குப் போவாங்க. தடியோட போனாத்தான் ஜனத்துக்குப் புரியும்."

"அவன் போனபின் லைனை யார் பார்ப்பது?"

"உனக்கு இன்னாய்யா அவன்? உறவா?"

"இல்லை" என்றேன்.

சட்டென்று வந்தது. யோசிக்கவே இல்லை. பதினெட்டு வருஷம் அச்சுக் கோத்த எனக்கு எந்த எழுத்தும் இத்தனை வேகமாகக் கைக்கு வந்ததில்லை.

மார்ச் 27, புதன்

இத்தனை நாள் இந்த டைரியில் நான் எழுதியதை எல்லாம் காலையில் படித்தேன். எலி பற்றி இருக்கிறது. மற்றவர் பொய் பற்றி நிறைய இருக்கிறது. சரி.

அவன் பெயர் கொம்பையா. என் உடன்பிறந்த தம்பி, எனக்கு ஐந்து வயது இளையவன். தாடைத் தழும்பு எனக்கு ஒன்பது வயதில் அப்பா கத்தியை எடுத்து விளையாடியபோது வந்தது. அப்பாவிடம் அடி வாங்கியவன் கொம்பையா. கத்தியை எடுத்தது தான்தான் என்று நாலு வயதில் சொல்லிவிட்டான். துணி ஓரத்தில் சிவப்பு நூல் அடித்தவள் எங்கள் அம்மா.

மூன்று வருஷத்துக்கு முன் இந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கியபோது முதலியார் கணக்குப் பிள்ளை பதிவு செய்துகொண்டிருந்தார். "பேரு?" "மந்திரமூர்த்தி..." என்றேன். "பிள்ளையா?" என்று கேட்டார். நான் இருமினேன். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, இருமினேன். இப்போது இரண்டு மாதமாக அந்த இருமலைத்தான் அச்சடித்துக்கொண்டிருக்கிறேன்.

குகையில் நான் தூங்கவில்லை.

ஊரை எல்லாம் பார்த்து முகம் சுளித்தேன். லாடக்காரர் ஒரு ளை போதும் என்று அழுகிறார். நான் முதலிலேயே எடுத்து முடிந்து வைத்துக்கொண்டவன். இந்த மூஞ்சியைத் தம்பி கையில் கொடுத்து, சாமி என்று கூப்பிட வைத்து, குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தூ. இதை எழுதும்போதும் அழகாக எழுத வேண்டும் என்று கை பார்க்கிறது, அதற்கும் ஒரு தூ.

மார்ச் 28, வியாழன்

சாப்பிடும்போது செண்பகத்திடம் சொன்னேன், முதலியார் எழுதச் சொன்னதை. கோமதி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

செண்பகம், "போட்டுட்டீயளா?" என்றாள்.

"இன்னும் இல்லை."

"போடாம இருந்தா வேல போயிரும்."

"போகும்."

"அவரு ஒங்க தம்பின்னு போட்டு அந்தப் பேரை எடுத்தா இவ கல்யாணம் போயிரும்."

"போகும்."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கீய? முப்பது நாளா தூக்குச்சட்டி போயிட்டு வாரதைப் பார்த்துக்கிட்டுத்தான இருக்கீய. நான் என்ன சொல்லுவேம்னு தெரியாதாக்கும்."

கோமதி மோர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, அவங்க பெண்ணு கேட்டது என்னையா, பேப்பர்ல இருந்த பேரையா?"

"பேரைப் பார்த்துத்தான் வந்தாங்க, தாயி."

"அப்ப அதையே கட்டிக் குடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கு அது தெரியும், அதனால் அவள் முகத்தைப் பார்க்காமல் மோரைக் குடித்தேன். இந்த வீட்டில் நான் பார்க்காத முகங்கள் அதிகமாகிக்கொண்டே போகின்றன.

மார்ச் 29, வெள்ளி

காலையில் கடைசிப் பக்கத்தைக் கோத்தேன். முதலியார் சொன்னது அல்ல. நான் எழுதியது. முதலியார் தன் பெயர் வருகிற இடத்தை மட்டும் படிப்பவர், அதனால் பயம் இல்லை. அதற்காக அவரை ஒரு வரி தனியாகப் புகழ்ந்து வைத்தேன்.

எழுதுவதிலும் சங்கடம். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒன்றாக அச்சாகிறவை. முப்பத்தோரு ளையும் காவடி எடுத்துக்கொண்டு முதல் பக்கத்தில் நிற்கின்றன. ‘நோயாளிகளைக் காப்பாற்றும்’ என்று எழுதினால் ஒரு ளை வேண்டும், ‘இறந்தவர்களை’ என்றால் இன்னொன்று. ஒவ்வொன்றாக வெட்டி, சுற்றி வளைத்து எழுதினேன். கடைசியில் இப்படி வந்தது:

‘வாந்திபேதியில் கிடப்போருக்கு மூன்று வாரமாகக் கூலி லைனில் உப்புக் கஞ்சி ஊட்டி உயிர் காத்துவரும் நாவிதர் கொம்பையா அன்னியர் அல்ல. வாகைக்குளம் நாவிதர் மாடசாமிக்கும் மருத்துவச்சி பிச்சம்மாளுக்கும் இரண்டாம் மகன். மூத்த மகன் இதை அச்சிடும் நான். நாங்கள் ஒரு தாய் பிள்ளைகள். அவர் சொற்படி தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். பீப்பாய்த் தண்ணீரைப் பச்சையாகக் குடித்து இதுவரை இறந்தோர் இருபத்தொருவர். நோய் வாந்திபேதி. வயிற்றுக் கோளாறு என்று முன்பு போட்டது என் பொய்.’

எத்தனை சுற்றியும் ஒரு ளை தப்பவில்லை. ‘ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்’ என்று மாற்றிப் பார்த்தேன். அம்மா அப்படிச் சொல்லமாட்டாள். நாங்கள் சண்டை போட்டால், "ஒரு தாய் பிள்ளைகளாலே நீங்க?" என்றுதான் கேட்பாள். மொட்டை எழுத்தைப் போட்டு ஓட்டலாம் என்று கை போனது. ஊர் அதைத்தானே போலி என்கிறது. அந்த இடத்தில் வேண்டாம்.

அடிவரியைப் பார்த்தேன். ‘அச்சிட்டுப் பிரசுரிப்பவர்: மா. மந்திரமூர்த்தி பிள்ளை.’ முப்பத்திரண்டாவது அங்கே நின்றது. ஊசியால் நெம்பினேன். இரண்டு மாதத்து மை உறைந்து இறுகியிருந்தது, சுலபத்தில் வரவில்லை. வந்தபின் ‘பிள்’ என்று பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அதையும் எடுத்தேன். இடைவெளிக்கு ஈயக்கட்டை வைத்து இறுக்கினேன்.

சலேத்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஈய எழுத்து தலைகீழாகத்தான் தெரியும். ஆனாலும் அவனுக்கு அது பழக்கம், படித்துவிட்டான்.

"அண்ணாச்சி, ஒரு வால் காணலியே?"

"குகையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்."

"அங்க வாங்கிக்கிடுதானா?" என்றான். பிறகு சிரிக்காமல் உருளைக்கு மை போடப் போனான்.

புரூஃப் எடுத்துக் கோமதிக்குக் கொண்டுபோனேன். சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தாள். காவடிப் பட்டியலில் ஏழு பிழை. முதலியார் புகழ்ச்சியில் ஒரு ஒற்று மிகாது என்றாள். என் அறிக்கையில் ‘சொற்படி’யைச் சுற்றி வட்டம் போட்டு, பிறகு சரிதான் என்று அழித்தாள். பென்சில் அடிவரிக்கு வந்தது. ‘மா. மந்திரமூர்த்தி.’ அங்கே நின்றது.

ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். "அடிக்கலாம், அப்பா" என்றாள்.

மார்ச் 31, ஞாயிறு

நேற்று நடந்தது, சுருக்கமாக.

வாட்ச்மேன் ஆட்கள் நாலு பேரும் தடியோடு லைனுக்குப் போனார்கள். படிக்கத் தெரிந்த ஒருவனை நிறுத்திப் பத்திரிகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அச்சில் இருப்பதுதான் இந்த ஊரில் உண்மை என்று இரண்டு மாதமாக நானே பழக்கி வைத்திருக்கிறேன். அடிக்க வந்தவர்கள் தண்ணீர் காய்ச்சிக் குடிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஒருவன் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனான்.

முதலியார் மத்தியானம் வந்தார். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"உன் பேரை என் ஆளு எழுதினான்யா. அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"இருமல் வந்துவிட்டது" என்றேன்.

சாவியை வாங்கிக்கொண்டார். டைரியைக் கேட்கவில்லை. சரித்திரம் என்னிடமே இருக்கிறது.

சாயங்காலம் சங்கரநாராயண பிள்ளை வீட்டிலிருந்து பூத்தட்டு திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். கோமதி தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். வேடிக்கையாக ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைப்பதுதான் என் வழக்கம். ஒன்றும் அகப்படவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

சமஸ்தானத்திலிருந்து ஒரு டாக்டர் ரயிலில் வந்து இறங்கினார். கக்கத்தில் ‘எல்லைத்தூதன்’. பீப்பாயைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு, "கொம்பையா என்பவர் எங்கே?" என்று கேட்டாராம். கேள்வியில் ‘அவர்’ இருந்ததைச் சலேத்து மூன்று தரம் சொன்னான்.

லாடக்காரர் வழியில் பார்த்து, ஒதுங்கி, பிறகு திரும்பி வந்தார். "அப்ப இனிமே பத்திரிகையில ஒரு ளை மிச்சம்தான?" என்றார். அடுத்த ஆசிரியரைக் கேட்கச் சொன்னேன்.

கோமதி இன்று வெளியே வந்து சாப்பிட்டாள். குழம்பில் உப்பு இல்லை என்று குற்றம் சொன்னாள். அப்பாடா.

ஏப்ரல் 3, புதன்

காலையில் கடைத்தெருவுக்குப் போனேன். தகரப் பெட்டிக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் உட்கார்ந்து, பழக்கத்தில் தலையைக் குனிந்தேன்.

கொம்பையா நுரை போட்டுவிட்டு, இரண்டு விரலால் என் மோவாயைத் தொட்டான்.

"தலையத் தூக்குண்ணே. குனிஞ்சிருந்தா நான் எப்படிச் சரைக்க?"

தூக்கினேன்.

சவரம் சுமார். தழும்புப் பக்கம் நாலு மயிரை விட்டுவிட்டான்.